பையில் தொங்கும் சீட்டை நம்பலாமா?

(பொன்னேரியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் தங்கள் குழுவில் படித்துப் பேசுவதற்காக வெளியிடுகிறோம்.)



இன்றைக்கு நாம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பனை ஓலைப் பை பின்னுகிற நம்ம குழுக்களிடம் ஒரு வியாபாரி மொத்தமாகப் பை கேட்டிருக்கிறார். சந்தோஷமான விஷயம். ஒவ்வொரு பையிலும் அவர் ஒரு சீட்டு கட்டித் தொங்கவிடுவாராம். அதில் மூன்று வரி இருக்கும். "முழுவதும் கையால் செய்தது. பழவேற்காட்டு மீனவப் பெண்கள் செய்தது. நியாயமான கூலி கொடுக்கப்பட்டது." கூடவே நம்ம உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்து பின்னுவது போல ஒரு போட்டோ. இதற்கெல்லாம் சம்மதம் என்று கூட்டமைப்பு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"போட்டோதானே, போட்டுட்டுப் போகட்டும்" என்று சிலர் சொல்றீங்க. "சீட்டில் எதை எழுதினா நமக்கென்ன, காசு வந்தா சரி" என்று சிலர். "கையெழுத்துப் போடலைன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்" என்றும் ஒரு கவலை இருக்கிறது. எல்லாமே நியாயமான பேச்சுதான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மாதிரிச் சீட்டில் எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நாமும் பை வாங்குகிறோம், பை விற்கிறோம். இரண்டுக்கும் இது உதவும்.

மீன் பார்க்கிற கண் பைக்கும் வேண்டும்

முதலில் கைத்திறனைப் பார்ப்போம். மீன் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், சிவப்பா இருக்கா, வெளுத்துப் போச்சா என்று. கண் பளிச்சென்று இருக்கா, குழி விழுந்திருக்கா? விரலால் அமுக்கினால் சதை எழும்புதா? நண்டு என்றால் அடிப்பக்கம் அமுக்கிப் பார்த்து, சதையா தண்ணியா என்று சொல்லிவிடுகிறோம். "இன்னிக்கு விடியற்காலையில பிடிச்சது" என்று வியாபாரி நூறு தடவை சொன்னாலும் நம்ம விரல் சொல்வதைத்தான் நம்புகிறோம். பையையும் அப்படியே பார்க்கலாம்.

தோல் பையை எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வெளியே பளபளப்பு யாரும் கொடுத்துவிடலாம். உள்ளே நூல் தொங்குகிறதா, பசை வழிந்த கறை இருக்கிறதா, உள்துணி சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் அவசர வேலையா நிதான வேலையா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தையல். ஒரே இடைவெளியில், நேராக ஓட வேண்டும். தோல் வேலையில் கைத்தையல் என்பது ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றிப் போடுவது. ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் அப்படியே பிரிந்துகொண்டு போக வாய்ப்பு உண்டு. மெஷின் தையல் மட்டமானது என்று அர்த்தமில்லை. மெஷினில் தைத்துவிட்டுக் கையால் தைத்தது என்று சீட்டுக் கட்டினால்தான் அது பொய்.

அப்புறம் வெட்டிய ஓரம். தோலாக இருந்தால் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்சினாக இருந்தால் அடியில் துணியின் நெசவு தெரியும். கைப்பிடி சேரும் இடத்தில் இரட்டைத் தையலோ ஆணியோ போட்டு, அடியில் ஒரு துண்டு வைத்துப் பலப்படுத்தியிருக்க வேண்டும். பை எல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் பிய்ந்து வரும். ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்து மூடிப் பாருங்க, சிக்கக்கூடாது.

"உண்மையான தோல்" என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் உயர்ந்த ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தோலை மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று பிளந்து எடுக்கிறார்கள். மேல் அடுக்கு உறுதியானது, வருஷக்கணக்கில் வரும். கீழ் அடுக்குக்கு மேலே பூச்சுப் பூசிப் பளபளப்பாக்கினால் அதுவும் தோல்தான், ஆனால் சீக்கிரம் உரிந்துவிடும். இரண்டிலும் அதே முத்திரையைக் குத்தலாம். எழுதியது பொய்யில்லை, சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை.

நம்ம ஓலைப் பைக்கும் பரீட்சை உண்டு. வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்க, சாயம் ஒட்டுதா? மூக்குக்கிட்ட வைத்துப் பாருங்க, பூஞ்சணம் வாடை அடிக்குதா? பட்டை எல்லாம் ஒரே அகலமா? வாய்ப்பகுதியின் கட்டு இறுக்கமா? மூன்று கிலோ அரிசியைப் போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் மாட்டி வையுங்க. காலையில் கைப்பிடி இறங்கியிருந்தால் அந்தப் பை விற்பனைக்கு ஆகாது. இப்போது ஓலை நிறத்திலேயே பிளாஸ்டிக் பட்டைப் பையும் வருகிறது. ஓலையில் நரம்பு ஓடும், ஒரு பட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்.

பை நல்லாயிருக்கு, செய்தவர் நல்லாயிருக்காரா?

இது வரைக்கும் நம்ம கண்ணும் விரலும் போதும். ஆனால் சீட்டில் மூன்றாவது வரி ஒன்று இருக்கிறதே, "நியாயமான கூலி" என்று. அதை எங்கே தொட்டுப் பார்ப்பது?

இத்தாலி நாட்டில் நடந்ததைச் சொல்கிறோம். உலகத்திலேயே விலை கூடின கைப்பை விற்கும் கம்பெனிகளில் ஒன்று டியோர். 2024 ஜூனில் மிலான் நகர நீதிமன்றம், அந்தக் கம்பெனியின் உற்பத்திப் பிரிவை ஒரு வருஷத்துக்கு நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. காரணம், வேலையை வெளியே ஒப்பந்தத்துக்கு வாங்கிச் செய்த பட்டறைகளின் நிலைமை. தொழிலாளிகள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கினார்கள். வேகமாக வேலை நடக்க வேண்டும் என்று மெஷினில் இருந்த பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கரண்ட் எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற கணக்கைப் பார்த்தபோது, ராப்பகலாக, விடுமுறை நாளிலும் வேலை நடந்தது தெரிந்தது.

அங்கே தைத்த ஒரு பைக்குக் கம்பெனி கொடுத்தது 53 யூரோ. தோல் முதலான மூலப்பொருள் செலவு இதில் சேராது. கடையில் அந்தப் பையின் விலை 2,600 யூரோ. அன்றைய நிலவரப்படி நம்ம பணத்தில் பட்டறைக்குச் சுமார் 4,800 ரூபாய், கடையில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேலே.

அதே 2024-இல், ஏப்ரல் மாதம், அர்மானி என்ற இன்னொரு பெரிய கம்பெனியின் ஒரு பிரிவுக்கும் இதே மாதிரி உத்தரவு வந்தது. அந்த விசாரணையில் வெளிவந்த கணக்கைப் பாருங்க. பட்டறைக்கு 93 யூரோ. இடையில் இருந்த ஒப்பந்தக்காரர் அதையே கம்பெனிக்குக் கொடுத்தது 250 யூரோவுக்கு. கடையில் 1,800 யூரோ. பை ஒன்றுதான், மூன்று கை மாறியிருக்கிறது. தைத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, மூன்று யூரோதான் கிடைத்தது என்று விசாரணையில் தெரிந்தது.

இரண்டு கம்பெனிகளும் மேற்பார்வை முறையை மாற்றியதால் 2025 பிப்ரவரியில் கண்காணிப்பு முன்கூட்டியே நீக்கப்பட்டது. அந்த நாட்டில் வியாபாரப் போட்டியையும் விளம்பரத்தையும் கவனிக்கும் ஆணையமும் விசாரித்தது. "கைத்திறன், நெறிமுறை என்று நீங்கள் விளம்பரம் செய்வது உண்மையா?" என்பதுதான் விசாரணை. டியோர் மீதான விசாரணை 2025 மே மாதம் முடிந்தது. தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சுரண்டலுக்கு ஆளான தொழிலாளர்களுக்கு உதவ 20 லட்சம் யூரோ தருவதாகவும், மேற்பார்வையைப் பலப்படுத்துவதாகவும் கம்பெனி ஒத்துக்கொண்டது. அர்மானிக்கு 2025 ஆகஸ்டில் 35 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அப்பீல் செய்வோம் என்று கம்பெனி சொன்னது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? அந்தப் பைகளில் தையல் கோணலாக இல்லை. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. விலை அதிகமாக இருந்தால் செய்தவருக்கும் அதிகமாகப் போயிருக்கும் என்று நினைக்கிறோமே, அதுவும் சரியில்லை. கைத்திறனைப் பையில் பார்க்கலாம். கூலி நியாயத்தைப் பையில் பார்க்க முடியாது. அது வேலை நடக்கும் இடத்திலும், கூலி நோட்டிலும், கரண்ட் பில்லிலும்தான் இருக்கிறது. கடைசியில் தைத்தவரிடம் போய்ப் பார்த்தபோதுதான் அங்கே உண்மை வெளியே வந்தது.

சுவரில் மாட்டிய சான்றிதழ்

"சான்றிதழ் இருக்கே" என்று சொல்வார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது எதற்குச் சான்று என்று படித்துப் பார்க்க வேண்டும்.

2012 செப்டம்பர் 11 அன்று பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் அலி எண்டர்பிரைசஸ் என்ற துணி பேக்டரி தீப்பிடித்தது. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜன்னலில் கம்பி, வெளியேற வழியில்லை. அந்தத் தீ விபத்துக்குச் சில வாரம் முன்னால்தான் "இங்கே தொழிலாளர் பாதுகாப்பு சரியாக இருக்கிறது" என்று அந்த பேக்டரிக்குச் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. காகிதம் சரியாக இருந்தது, கதவு சரியாக இல்லை.

நம்ம நாட்டில் சில முத்திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது. 2004-இல் வந்த சில்க் மார்க், பட்டு சுத்தமான பட்டு என்று சொல்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கைத்தறியில் நெய்தது என்று சொல்கிறது. புவிசார் குறியீடு, இந்த ஊர்ப் பக்கத்தில் இந்த முறையில் செய்தது என்று சொல்கிறது. ஓலை வேலையில் செட்டிநாட்டுக் கொட்டானுக்கு அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இந்த மூன்றும் நெய்தவருக்கு, பின்னியவருக்கு எவ்வளவு கூலி என்று சொல்வதில்லை.

நல்ல உதாரணமும் உண்டு. கம்பள நெசவில் குழந்தைகளை வைத்து வேலை வாங்குவதை நிறுத்த 1994-இல் ரக்மார்க் என்ற முத்திரை தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் குட்வீவ். ஒவ்வொரு கம்பளத்திலும் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எந்தத் தறியில் நெய்தது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதனை செய்வார்கள். நாம் ஊறுகாய், கருவாடு பாக்கெட்டில் போடுகிறோமே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், அதுவும் இப்படித்தான். யார் வேண்டுமானாலும் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண் இல்லாத, கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத முத்திரை வெறும் படம்.

அந்தத் தண்ணி எங்கே போச்சு?

"இயற்கைக்கு உகந்தது" என்று இப்போது எல்லாப் பையிலும் எழுதுகிறார்கள். தோலைப் பதப்படுத்துவதில் பழைய முறை ஒன்று உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் ஊற வைப்பார்கள். குரோமியம் உப்பை வைத்துச் செய்வது இன்னொரு முறை. அதில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கழிவு நீரைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் மண்ணும் கிணறும் கெட்டுப்போகும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரை மக்கள் இதை அனுபவித்தவர்கள். 1996-இல் வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் ஒரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் இறந்தார்கள்.

ஏரித் தண்ணியை நம்பிப் பிழைக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "இயற்கை" என்று எழுதிய பையைப் பார்த்தால், "எப்படிப் பதப்படுத்தினீங்க, அந்தத் தண்ணி எங்கே போச்சு?" என்று கேளுங்க. ஆதாரம் இல்லாமல் இப்படி எழுதக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளே கொண்டு வந்திருக்கிறது. ஏமாற்று விளம்பரம் பற்றிப் புகார் சொல்ல, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். நம்ம வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. ஓலைக்குச் சாயம் காய்ச்சிய தண்ணியை நாம் எங்கே கொட்டுகிறோம்?

ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு

சீட்டில் இரண்டாவது வரி "பழவேற்காடு". ஒரு ஊர்ப் பெயர்தானே என்று விட்டுவிடாதீங்க. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து கப்பலில் போன முக்கியமான சரக்கு துணி. பழவேற்காட்டுத் துணி அவ்வளவு பேர் வாங்கியதால், ஐரோப்பாவில் கட்டம் போட்ட கைக்குட்டைக்கே "புலிக்காட்" என்று பெயர் வந்தது. அப்புறம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர்த் தறியிலேயே நெய்து, அதே பெயரில் விற்றார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் "காயின் பெலிக்காட்" என்று பெயர். பெயர் உலகம் சுற்றுகிறது. நெய்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா என்ற கம்பெனி ஒரு செருப்பைக் காட்சிக்கு வைத்தது. பார்த்தால் அப்படியே நம்ம நாட்டுக் கோலாப்பூர் செருப்பு. மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டு மாநிலத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செருப்பு அது. கம்பெனியோ "தோல் செருப்பு" என்று மட்டும் சொன்னது. செய்கிறவர்களும் அவர்கள் சார்பில் வணிகச் சங்கமும் கேள்வி கேட்ட பிறகுதான், இந்தியக் கைவினைச் செருப்பைப் பார்த்துச் செய்தது என்று ஒத்துக்கொண்டார்கள். 2025 டிசம்பரில் இரண்டு மாநிலத் தோல் தொழில் வாரியங்களோடும் ஒப்பந்தம் போட்டு, இங்கேயே செய்ய வைத்து விற்பதாக அறிவித்தார்கள். யாரும் கேட்காமல் இருந்திருந்தால்?

அதனால் நம்ம ஊர்ப் பெயர், நம்ம முகம் இரண்டும் விலை உள்ள சரக்கு. சும்மா கொடுக்கிற பொருள் கிடையாது.

அதே கேள்வி நமக்கும்

இப்போது நம்ம சீட்டுக்கு வருவோம். மூன்று வரியையும் நாமே பரீட்சை செய்து பார்ப்போம்.

"முழுவதும் கையால்." பின்னல் கையால்தான். ஆனால் உள்துணியும் ஜிப்பும் வெளியில் மெஷினில் தைத்து வருகிறது. அப்படியானால் "ஓலைப் பின்னல் கையால்" என்று எழுதலாம். அதுவே பெருமைதான்.

"மீனவப் பெண்கள்." நம்ம குழுக்களில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள், முஸ்லிம் அக்காமார்கள் இருக்கிறார்கள், விவசாயக் கூலிக் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஓலைப் பின்னலைக் கைவிடாமல் காப்பாற்றி வந்ததில் முஸ்லிம் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலும் படகும் போட்டோவில் அழகாக இருக்கும் என்பதற்காக அவர்களைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவது நியாயமா?

"நியாயமான கூலி." இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பைக்கு 200 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓலை, சாயம், விறகு 60 ரூபாய். மீதி 140. ஓலை வகிர, சாயம் போட, பின்ன, கைப்பிடி கட்ட எல்லாம் சேர்த்து 7 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். 8 மணி நேரம் வேலை செய்தால் 160 ரூபாய். 2025-26-ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதில் பாதிகூட வரவில்லை. அந்தக் கூலியாவது கிடைக்க வேண்டுமானால் மணிக்கு 42 ரூபாய், 7 மணிக்கு 294, செலவு 60 சேர்த்து ஒரு பை 354 ரூபாய் ஆகிறது. வண்டிச் செலவு தனி.

"டிவி பார்த்துக்கிட்டே பின்னினேன், அதை எப்படி மணிக்கணக்கில் சேர்க்கிறது?" என்று கேட்பீங்க. சேர்க்கணும். கை வேலை செய்தது இல்லையா? ஒரு வாரத்துக்கு ஒவ்வொருவரும் பின்னிய நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு வாங்க. அந்த நோட்டு இல்லாமல் நியாயமான கூலி எது என்று நம்மாலேயே சொல்ல முடியாது, வியாபாரி எப்படிச் சொல்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. ஆர்டர் பெரிதாக வந்தால் நாமும் வேலையை வெளியே கொடுப்போம். குழுவில் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓலையைக் கொடுத்து, 140 ரூபாய் வேலைக்கு 80 ரூபாய் கொடுப்போம். அவசரம் என்று ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையை உட்கார வைப்போம். மிலானில் 93, 250, 1,800 என்று பார்த்தோமே, அந்தச் சங்கிலி நம்ம திண்ணையிலும் ஆரம்பிக்கலாம். அப்போது நாம்தான் இடையில் இருக்கும் ஒப்பந்தக்காரர். சீட்டில் "நியாயமான கூலி" என்று எழுதினால், அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு ஓவர்டைம் கூலி சரியாக வரணும் என்று கேட்கிறோமே, அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும்.

குழுவில் படிக்க ஏழு கேள்விகள்

எந்தப் பையின் சீட்டாக இருந்தாலும், நம்ம சீட்டாக இருந்தாலும், இந்தக் கேள்விகளைக் கேளுங்க.

1. யார் செய்தது? ஊர், குழு பெயர் சொல்ல முடியுமா, "பெண்கள்" என்று பொதுவாகத்தான் இருக்கிறதா?
2. எந்த வேலை கையால், எந்த வேலை மெஷினால்?
3. கடைசியில் பின்னியவருக்கு, தைத்தவருக்கு எவ்வளவு? மணிக்கு எவ்வளவு?
4. வேலை எத்தனை கை மாறியது?
5. முத்திரை இருந்தால் அது எதற்கு? எண் உண்டா? யார் நேரில் வந்து பார்த்தார்கள்? சொல்லிவிட்டு வந்தார்களா, சொல்லாமல் வந்தார்களா?
6. கழிவு எங்கே போனது?
7. குறை இருந்தால் யாரிடம் கேட்பது? விலாசம் இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த வியாபாரி ரொம்பக் குறைவு. ஆனால் "இது தெரியும், இது தெரியாது" என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை ஓரளவு நம்பலாம். எதைக் கேட்டாலும் அழகான போட்டோவையே காட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்க.

கூட்டத்தில் கேட்டவையும் பதிலும்

"இவ்வளவு கேட்டால் வியாபாரி ஓடிப்போயிட மாட்டாரா?"

ஒருவர் போகலாம். ஆனால் இன்றைக்கு வாங்குகிறவர்களும் சீட்டைக் கேள்வி கேட்கிறார்கள். கேட்டால் நோட்டைக் காட்டத் தயாராக இருக்கும் குழுவின் சீட்டுக்குத்தான் மதிப்பு வரும். அதை வியாபாரியிடமே எடுத்துச் சொல்லுவோம். அவருக்கும் அது லாபம். கூலி நோட்டு, ஓலை வாங்கிய பில், பின்னியவர் பட்டியல் மூன்றும் நம்மிடம் இருந்தால் நாம் பேரம் பேச முடியும்.

"போட்டோ கொடுக்கலாமா?"

அவரவர் இஷ்டம். வீட்டில் கலந்து பேசி, எழுதிக் கொடுத்தால்தான். எத்தனை வருஷத்துக்கு, எங்கே எல்லாம் போடுவார் என்றும் எழுத வேண்டும். கூலி பேசி முடிக்காமல் போட்டோ கொடுக்க வேண்டாம். சரியான கூலி இல்லாத பையில் சிரித்த முகம் தொங்கினால், அந்தப் பொய்யை நம்ம முகத்தைக் காட்டிச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

"கையெழுத்து இன்றைக்கே கேட்கிறாரே?"

தேதி நாம் சொல்லுவோம். ஒரு வார நேர நோட்டு வந்த பிறகுதான் விலை பேச முடியும்.

ஆகவே கூட்டமைப்பு இப்படி ஒரு தீர்மானம் போடலாம் என்று உங்கள் முன் வைக்கிறோம். குழுக்கள் பேசி, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி அனுப்புங்க.

"பனை ஓலைப் பைக்கான சீட்டில் வரும் வார்த்தைகளைக் கூட்டமைப்பு படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சடிக்க வேண்டும். மணிக்கணக்குப் போட்டு விலை நிர்ணயம் செய்த பிறகே 'நியாயமான கூலி' என்ற வரியைச் சேர்க்க வேண்டும். வெளியே வேலை கொடுத்தால் அவர்களுக்கும் அதே கூலி. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆர்டர் வேலையில் உட்கார வைக்கக் கூடாது. உறுப்பினரின் போட்டோவை அவர் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்."

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு பொருள் கொண்டு வாங்க. ஒன்று, நேரம் குறித்த நோட்டு. இன்னொன்று, ராத்திரி முழுக்க மூன்று கிலோ அரிசி தாங்கிய ஒரு பை. அந்த இரண்டையும் மேஜையில் வைத்துத்தான் வியாபாரியோடு பேசப் போகிறோம்.